நாளுக்கு முன்னே வரும் நோவு

தாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்று சொல்வது நம் வழக்கு. வைத்தியரோ ஒன்பது மாதமும் சில நாளும் என்பார். இரண்டிலும் முரண் இல்லை. 28 நாளை ஒரு திங்களாக வைத்து எண்ணினால் பத்துத் திங்கள் 280 நாள் ஆகிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம் என்று மருத்துவமாது பதிவட்டையில் எழுதுவதும் அதே 280 நாள்தான். இந்தக் கணக்கில் 37 வாரம் நிறைவதற்கு முன்னே பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அதாவது, பத்துக் குழந்தைகளில் ஒன்று.

நான் மருத்துவம் கற்கவில்லை. இலக்கியமும் வரலாறும் கற்றேன். ஆயினும், தோட்டத்துப் பாடசாலை அதிபரிடம் மக்கள் எல்லா வழக்கையும் கொண்டுவருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன், எட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள றப்பர்த் தோட்டமொன்றில், என்னிடம் படித்த பெண்ணொருத்தி தலைச்சன் பிள்ளையைத் தாங்கியிருந்தாள். 32 ஆம் வாரம். ஒரு மாலை அவளுக்கு இடுப்பு கடுத்தது. சூட்டு வலி என்றார் மாமியார். சுக்குக் கோப்பி வைத்துக் கொடுத்தார். இரவெல்லாம் வலி வருவதும் போவதுமாக இருந்தது. பக்கத்துக் காம்பராவைத் தட்ட அவளுக்கு வெட்கம். கணவனோ, வெளியே மழையாக இருக்கிறதே, விடியட்டும் என்றான். விடியுமுன் நீர்க்குடம் உடைந்தது. உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்த்த அரை மணி நேரத்தில் குழந்தை பிறந்தது. மூச்சுக்குத் திணறித் திணறி, மூன்றாம் நாள் அது மறைந்தது. துக்கம் விசாரிக்கச் சென்ற என்னிடம் அவள், "இதுதான் வலின்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலையே, சேர்" என்றாள். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

குறைமாதக் குழந்தை ஏன் மூச்சுக்குத் திணறுகிறது? நம் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிக்கொள்ளாதபடி, வழவழப்பான ஒரு பொருள் அவற்றின் உள்ளே பூசியிருக்கிறது. கருவில் அது போதிய அளவு ஊறுவது கடைசி வாரங்களில்தான். அதற்கு முன்னே பிறந்துவிட்ட குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடுகிறது, விரைவில் களைத்துவிடுகிறது. 1963 ஆகஸ்டு 7 ஆம் நாள், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். பொஸ்ரன் நகரின் கைதேர்ந்த வைத்தியர்கள் சூழ நின்றும், 39 மணி நேரத்தில் அவன் இறந்தான். செல்வமும் அதிகாரமும் அன்று அவனுக்கு ஒரு மூச்சைக்கூட வாங்கித் தர இயலவில்லை.

இன்று நிலைமை வேறு. நியூசிலாந்தின் ஒக்லண்டு நகரில் லிகின்ஸ் என்ற வைத்தியர் செம்மறியாடுகளை வைத்து ஆராய்ந்தபோது, ஸ்டெரொய்டு மருந்து செலுத்தப்பட்ட குறைமாதக் குட்டிகளின் நுரையீரல் எதிர்பாராதபடி விரிந்திருக்கக் கண்டார். பின்னர், ஹவி என்ற குழந்தை வைத்தியருடன் சேர்ந்து அம்மருந்தைத் தாய்மாருக்குக் கொடுத்துச் சோதித்து, அதன் பயனை 1972 இல் வெளியிட்டார். 34 வாரம் நிறையாத தாய்க்கு இம்மருந்தை ஊசியால் செலுத்தினால், வயிற்றிலுள்ள குழந்தையின் நுரையீரல் விரைவாக முதிர்கிறது. விலையும் அதிகமன்று. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். பிரசவத்துக்கு முன் ஒரு முழு நாள் கிடைத்தால் பயன் மிகுதி. சில மணி நேரம் கிடைத்தாலும் வீண் போகாது. நோவைச் சிறிது தள்ளிப்போடும் மருந்துகளும் உண்டு. ஆகவே "விடியட்டும்" என்று நாம் இழக்கும் இரவு, அந்த ஊசி வேலை செய்ய வேண்டிய இரவாகும்.

முதற்பிள்ளைக்காரிக்கு எது நோவு என்று எப்படித் தெரியும்? வயிறு கல்லைப்போல இறுகித் தளர்வது, அது பத்து நிமிடத்துக்கு ஒரு முறையோ அதைவிட நெருக்கமாகவோ திரும்பத் திரும்ப வருவது, அடி முதுகில் விடாத கடுப்பு, குழந்தை கீழே அழுத்துவது போன்ற உணர்வு, நீர் கசிதல், இரத்தம் காணுதல். நாள் நிறையுமுன் இவற்றில் ஒன்று தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சென்ற பின் அது பொய்வலி என்று திருப்பி அனுப்பினால் நட்டம் ஒன்றுமில்லை. யாரும் நகைக்கவும் மாட்டார்கள்.

ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்றொரு நம்பிக்கை நம்மவரிடம் உண்டு. பண்டைய கிரேக்க வைத்தியரும் அவ்வாறே எழுதிவைத்தனர். அது பிழை. வயிற்றில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு ஆதாயமே.

நோவு ஏன் முந்துகிறது என்பது பலருக்குப் புலப்படுவதில்லை. இரட்டைப் பிள்ளை, இரத்த அழுத்தம், இரத்தசோகை, மிக இளவயதுக் கர்ப்பம், புகையிலை ஆகியன அறியப்பட்டவை. சிறுநீர்த் தொற்றும் ஒரு காரணம். மலையில் கொழுந்தெடுக்கும் பெண் மறைவிடம் இல்லாமையால் தண்ணீரே குடியாது, சிறுநீரையும் அடக்கிக்கொண்டு நிற்பதை நாம் அறிவோம். இதை அவளுடைய குறையென்று தள்ளிவிடலாகாது. வேலைத்தலத்தில் மலசலகூடம் அமைப்பது பிள்ளையைக் காக்கும் பணியே. கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

இனி, பயணம். குறைமாதப் பிள்ளையை ஏற்றிச் செல்லச் சிறந்த ஊர்தி தாயின் வயிறே. பிறந்த பின் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதைவிட, பிறக்குமுன் தாயைக் கொண்டு சேர்ப்பதே நன்று. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 முதல் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. இலக்கம் 1990, கட்டணம் இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவு, வண்டி எந்த இடம்வரை ஏறும் என்பவற்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். மழைக்காலத்தில் பாதை அறுந்தால் மாற்று வழி எது என்பதையும் முன்னரே பேசிவையுங்கள்.

வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால், குளிப்பாட்ட வேண்டாம். ஈரத்தைத் துடைத்து, தாயின் வெறும் மார்பில் கிடத்தி, தலையையும் மூடி, இருவரையும் ஒரே துணியால் போர்த்துங்கள். 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியர் ரே கையாண்ட முறை இது. பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று 2022 இல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது.

மாமியார்மாரே, கணவன்மாரே, உங்கள் வீட்டில் முதன்முறையாகக் கருவுற்ற பெண் இருந்தால், இந்த அடையாளங்களை இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள். எந்தச் சாமமானாலும் எழுப்பலாம் என்பதையும் சொல்லுங்கள். வெட்கத்தால் அவள் வாய் திறவாதிருந்தால், நீங்களே கேளுங்கள்.