நட் போனால் போகட்டும்

பிளேன்டீயைக் குடி தம்பி. சில்லு எங்கும் ஓடிப்போகாது. அதுதானே இப்போது பிரச்சினையே. நாலு நட் கழன்றுவிட்டது, ஐந்தாவது அசையமாட்டேன் என்கிறது. நீளமான பைப் ஒன்று தேடி உன் கூட்டாளி போயிருக்கிறான். அவன் வருவதற்குள் கொஞ்சம் கதைப்போம்.

அந்தப் பைப்பைப் பற்றி முதலில். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆள் ஒரு மீற்றர் பைப்பின் நுனியில் ஏறி நின்றால், நட்டின் மேல் ஏறத்தாழ 590 நியூட்டன் மீற்றர் முறுக்கு விழும். கொரொல்லா போன்ற ஒரு காரின் சில்லு நட்டை இறுக்க டொயோட்டாக்காரன் சொல்வது 103. அதாவது ஆறு மடங்குக்குக் கிட்ட. நட் கழன்றால் யோகம். கழலாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்டட் முறிந்து, நட்டோடு கையில் வரும். கடையில் ஒரு நட் வாங்கிப் போடுவது அஞ்சு நிமிஷ வேலை. முறிந்த ஸ்டட்டை மாற்றுவதென்றால் பிரேக் டிரம்மையோ டிஸ்க்கையோ கழற்ற வேண்டும், சில வாகனங்களில் ஹப்பையே இறக்க வேண்டும். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஒரே கட்சிதான்: நட்டை எப்படி வேண்டுமானாலும் சிதைக்கலாம், போல்ட்டில் கை வைக்கக் கூடாது.

கழற்றிய நாலு நட்டையும் திரும்பப் போடு. சிரிக்காதே, உண்மையாகத்தான் சொல்கிறேன். நாலையும் எடுத்துவிட்டதால் சில்லைப் பிடித்திருக்கும் பாரம் முழுக்க இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. சில்லு ஒரு பக்கம் சாய்ந்து அதை இன்னும் நெருக்குகிறது. நாலையும் அளவாக இறுக்கி, ஜக்கை இறக்கி, சில்லு நிலத்தில் நிற்கும்போது ஐந்தாவதை முயன்று பார். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால், ஏன் பிடித்திருக்கிறது என்று யோசிக்க வேண்டும். ஒரு நட்டை இறுக்கக் கொடுக்கும் பலத்தில் ஏறத்தாழ பாதி, நட்டின் அடிமுகம் தகட்டில் உரசுவதிலேயே போய்விடும். புரியில் உரசுவதில் இன்னும் 40 வீதம் போகும். மிச்சம் 10 வீதம்தான் போல்ட்டை மயிரிழை அளவு இழுத்து நீட்டுகிறது. அந்த நீட்டம்தான் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் விளங்கும்: எண்ணெயைப் புரியில் மட்டும் விட்டால் போதாது, நட்டின் அடியிலும் சுற்றிவர விட வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

அடுத்தது துரு. இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும். நட்டின் புரிக்கும் போல்ட்டின் புரிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ தலைமயிர்ப் பருமன்தான். குறுகிய கழுத்துப் போத்தலில் பயறை ஊறப்போட்டவனுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

கல்லடியிலோ காத்தான்குடியிலோ ஓடிய கார் என்றால் துருவின் கதை வேறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். உப்புக் காற்று இரண்டு பக்கமும். மீன் லொறிகளைக் கேட்கவே வேண்டாம், ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் சேசியைத் தின்றுகொண்டே போகும். வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவு தாண்டி இங்கே உன்னிச்சைப் பக்கம் வந்தால் உப்பு குறைவு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் மட்டக்களப்பு நகரமே குடிக்கிறது. ஆனால் நல்ல தண்ணீரும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், கொஞ்சம் ஆறுதலாக. வயலில் இறங்கிய மிஷினின் நட்டுகளில் சேறு காய்ந்து, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் புரியை முதலில் துப்புரவாகத் தேய். நட் அந்தப் புரி வழியேதான் வெளியே வர வேண்டும்.

பிறகு எண்ணெய். எல்லாரும் கேட்கும் டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியகோவில் ஈரத்தை விரட்டுவதற்கென்று செய்யப்பட்டது. பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சி என்பதைக் குறிக்கும். ஒன்றும் இல்லாததற்கு அது நல்லது. துருவுக்குள் ஊடுருவவென்றே விற்கும் எண்ணெய்கள் அதைவிடத் திறம். அவசரத்துக்கு ஓட்டோ கியர் ஒயிலும் அசற்றோனும் சரிபாதி கலந்து விடுவார்கள். நன்றாக இறங்கும், ஆனால் பெயின்டைக் கெடுக்கும், நெருப்பென்றால் குப்பென்று பிடிக்கும். எதை விட்டாலும் இரவு முழுக்க விடு. இடையிடையே நட்டின் பக்கங்களில் சுத்தியலால் தட்டு. ஓங்கி அடிக்காதே, அதிர்வில் துரு வெடித்தால் போதும். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கமாகக் கொஞ்சம் அசை. அசைந்துவிட்டால் கால் சுற்று கழற்று, மறுபடி கொஞ்சம் இறுக்கு, எண்ணெய் விடு. இப்படி முன்னும் பின்னுமாகத்தான் எடுக்க வேண்டும். ஒரேயடியாகத் திருகினால் பொடிந்த துரு புரிக்குள் அடைந்து, பாதி வழியில் இறுகிவிடும்.

எந்தப் பக்கம் கழற்றுவது என்று தெரியும்தானே? கேட்கக் காரணம் உண்டு. பழைய ஜப்பான் லொறிகள் பலவற்றில் இடது பக்கச் சில்லுகளுக்கு இடப்புரி. ஸ்டட்டின் முனையில் ஆங்கில எல் எழுத்து அடித்திருக்கும். அதைப் பார்க்காமல் வழக்கம்போல் திருகினால், கழற்றுகிறோம் என்று இறுக்கிக்கொண்டே இருப்போம். உன் காருக்கு அந்தக் கவலை இல்லை.

ஸ்பனர் விஷயத்தில் இங்கே ஒரு தனிச் சிக்கல். வயலில் நிற்கும் பழைய மெசி பெர்குசன் மிஷின்களும் அந்தக் காலத்து மொரிஸ் மைனரும் அங்குலக் கணக்கு. ஜப்பான் கார்கள் மில்லிமீற்றர். அநேக வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர், அந்த நட்டில் 13 ஸ்பனர் போகும், ஆனால் தளர்வாக. பிடித்த நட்டில் அப்படித் தளர்வான ஸ்பனரைப் போட்டால் மூலை மழுங்கிவிடும். முக்கால் அங்குலம் 19.05 என்பதால் 19 ஸ்பனர் பெரும்பாலும் ஒத்துப்போகும், அதை நம்பி மற்றதையும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிடுகிறோம். பிடித்த நட்டுக்கு ஆறு மூலை சொக்கெட்தான். பன்னிரண்டு மூலை சொக்கெட் மூலையின் நுனியை மட்டும் பிடிக்கும்.

மழுங்கிப் போன பிறகு அதே கலப்படப் பெட்டிதான் கைகொடுக்கும். 13 நட் மழுங்கினால் அரை அங்குல சொக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்று. சொக்கெட்டுக்குக் கேடுதான், நட்டைப் பிடித்துக்கொள்ளும். இடமிருந்தால் பைப் றெஞ்சு. வெல்டிங் இருந்தால் மழுங்கிய நட்டின் மேல் பெரிய நட் ஒன்றை ஒட்டித் திருகலாம். ஒட்டும் சூட்டிலேயே துரு பாதி விட்டுவிடும்.

சூடு நல்ல மருந்து. உருக்கு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 12 மில்லிமீற்றர் துளையுள்ள நட்டை 300 பாகை கூட்டினால், துளை 0.04 மில்லிமீற்றர் பெருக்கும். கேட்க அற்பமாக இருக்கும். துரு உடைய அது போதும். சூடு நட்டுக்குத்தான், போல்ட்டுக்கல்ல. சூடான நட்டில் மெழுகுதிரியை வைத்துத் தேய்த்தால் மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கும். சைலன்சர் நட்டுகளுக்கு இது கைகண்ட வழி. ஆனால் பெற்றோல் குழாய், பிரேக் ஹோஸ், றப்பர் புஷ் கிட்ட இருந்தால் நெருப்பை மறந்துவிடு. பிரேக் கழுவும் ஸ்பிரே சிலவற்றில் குளோரின் உண்டு; அது அடித்த இடத்தில் நெருப்பு வைத்தால் பொஸ்ஜீன் வாயு வரும், முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. உன்னுடைய இந்தச் சில்லு நட்டுக்கும் நெருப்பு வேண்டாம், சூடேறிய டயர் வெடிக்கக்கூடியது.

ஒன்றும் சரிவராவிட்டால் நட்டை வெட்டுவோம். ஒரு பக்கத்தை கிரைண்டராலோ இரும்பு வாளாலோ மேலிருந்து கீழாக, புரியைத் தொடுவதற்கு ஒரு நூல் முன்பு வரை அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்து அடித்தால் நட் பிளந்து வாய் திறக்கும். உன் காரின் சில்லில் நட் குழிக்குள் உட்கார்ந்திருப்பதால் கிரைண்டர் போகாது, அடித்து ஏற்றும் சொக்கெட்தான். கண்ணாடி போட்டுக்கொள், உளி வேலையில் கண்ணை இழந்தவர்கள் உண்டு.

நட் வந்த பிறகு ஸ்டட்டின் புரியைத் தேய்த்துப் பார். புரி சுகமென்றால் புது நட் கையாலேயே கடைசி வரை ஓட வேண்டும். சில்லு நட்டின் கூம்பு முகத்தில் கிறீஸ் பூசாதே. நான் முன்பு சொன்ன உரசல் குறைந்து, அதே பலத்துக்கு ஸ்டட் அளவுக்கு மேல் நீண்டுவிடும். குறுக்கும் மறுக்குமாக இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடியதும் ஒரு தரம் சரிபார்.

நாளைக்கு டவுனுக்கு நட் வாங்கப் போகும்போது கழற்றிய நல்ல நட் ஒன்றைக் கையோடு கொண்டு போ. டொயோட்டாவின் ஸ்டட் 12 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.5. நிசானும் 12தான், புரி 1.25. கடைக்காரர் ஒரே தட்டிலிருந்துகூட இரண்டையும் எடுத்துத் தரக்கூடும். மாறிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். அப்போதும் உன் கூட்டாளி பைப் தேடித்தான் போவான்.