மடிக்கணினியில் கம்பியில்லா வலையமைப்பு அட்டையை நிறுவுதல்

கம்பியில்லா வலையமைப்பு அட்டை என்பது கணினியை வானொலி அலைகளின் வழியாக வலையமைப்புடன் இணைக்கும் வன்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது வயர்லெஸ் கார்டு என்றும் வைஃபை கார்டு என்றும் அழைக்கப்படுகின்றது. இவ்வட்டைகள் 1997 இல் வெளியிடப்பட்ட ஐ.இ.இ.இ. 802.11 என்னும் செந்தரத்தையும் அதன் வழிவந்த செந்தரங்களையும் பின்பற்றி இயங்குகின்றன. அட்டையை மடிக்கணினியில் பொருத்துவது சில நிமிட வேலையே. பொருத்திய அட்டை வேலை செய்வது, அதிலுள்ள சில்லுக்குரிய இயக்கியும் நிலைபொருளும் பயனரின் இயக்குதளத்திற்குக் கிடைக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. லினக்ஸ் பயனர்கள் இதனைப் பல ஆண்டுகள் பட்டறிந்தே உணர்ந்தனர்.

அட்டையின் வடிவங்கள்

தொடக்க கால மடிக்கணினிகளில் கம்பியில்லா வசதி உள்ளிணைக்கப்பட்டிருக்கவில்லை. கணினியின் பக்கவாட்டிலுள்ள பிளவில் செருகும் பிசி கார்டு வடிவிலேயே அட்டைகள் விற்கப்பட்டன. இவை 68 ஊசித்துளைகள் கொண்டவை. நீள அகலத்தில் ஏறத்தாழ ஒரு வங்கிக் கடனட்டையின் அளவுடையவை. பழைய 16 பிட் வகையும், பின்னர் வந்த 32 பிட் கார்ட்பஸ் வகையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், கார்ட்பஸ் அட்டை பழைய பிளவில் வேலை செய்யாது. 1999 இல் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் மடிக்கணினியுடன் ஏர்போர்ட் அட்டையை அறிமுகப்படுத்திய பின்னர் கம்பியில்லா இணைப்பு பொதுப் பயனர்களிடையே பரவத் தொடங்கியது. 2003 மார்ச்சில் வெளியான இன்டெல் சென்ட்ரினோ தொகுப்பு அட்டையை மடிக்கணினியின் உள்ளுறுப்பாகவே ஆக்கியது.

உள்ளே பொருத்தப்படும் அட்டைகளில் முதலில் பரவியது 124 முனைகள் கொண்ட மினி பிசிஐ. அடுத்து 52 முனைகள் கொண்ட மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. அதில் முழு நீளம், அரை நீளம் என இரு அளவுகள் உண்டு. தற்போதைய மடிக்கணினிகளில் எம்.2 வகை உள்ளது. கம்பியில்லா அட்டைக்குப் பெரும்பாலும் 22 மிமீ அகலமும் 30 மிமீ நீளமும் கொண்ட அளவு பயன்படுகின்றது. இவ்வடிவங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. சில மெல்லிய மடிக்கணினிகளில் சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் அட்டையை மாற்ற இயலாது. அத்தகையவற்றுக்கு யூ.எஸ்.பி. வகைக் கருவியே வழி.

எம்.2 அட்டை வாங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இன்டெல்லின் ஏ.எக்ஸ்.200, ஏ.எக்ஸ்.201 ஆகிய இரண்டும் பெயரிலும் தோற்றத்திலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஏ.எக்ஸ்.201 தன் பணியின் ஒரு பகுதியை இன்டெல் முறைவழியாக்கித் தொகுதியினுள் அமைந்த சுற்றுகளிடம் விட்டுவிடுகின்றது. ஆகவே அச்சுற்றுகள் இல்லாத பழைய கணினிகளிலும், ஏ.எம்.டி. கணினிகளிலும் அது இயங்காது.

பொருத்துதல்

கணினியை அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, கழற்றத்தக்க மின்கலமாயின் அதனையும் எடுத்துவிட வேண்டும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லைப் பழுதாக்கக் கூடும் என்பதால், ஓர் உலோகப் பரப்பைத் தொட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. அட்டை சாய்வாகச் செருகப்பட்டுப் பின் அழுத்தி, திருகாணியாலோ கொக்கியாலோ நிலைநிறுத்தப்படும்.

இவ்வேலையில் மிகவும் நுட்பமானது அலைவாங்கிக் கம்பிகளை இணைப்பதே. திரையின் விளிம்பிலிருந்து வரும் இரண்டு அல்லது மூன்று மெல்லிய கம்பிகளின் முனையில் சிறிய வட்ட இணைப்பிகள் உள்ளன. கம்பியைப் பிடித்து இழுத்தால் அது அறுந்துவிடும்; இணைப்பியின் அடியில் நெம்பி நேர் மேலாகத் தூக்க வேண்டும். மினி பிசிஐ அட்டைகளில் பரவலாகக் காணப்படும் யூ.எஃப்.எல். இணைப்பி ஏறத்தாழ 30 முறை இணைத்துக் கழற்றுவதற்கே வடிவமைக்கப்பட்டது. எம்.2 அட்டையின் இணைப்பி அதனிலும் சிறியது. பழைய கம்பி அதில் பொருந்தாது. முதன்மைக் கம்பி எது, துணைக் கம்பி எது என்பதற்கான நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும் என்பதால், பழைய அட்டையைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்வது உதவும். கம்பிகள் இணைக்கப்படாவிடினும் அட்டை இயங்கும். ஆயினும் அறையைத் தாண்டி எதுவும் அதற்குக் கேட்காது. இதனை இயக்கியின் கோளாறு என எண்ணி நாட்கணக்கில் மென்பொருளோடு போராடுவோர் உளர்.

சில மடிக்கணினிகள் புதிய அட்டையை ஏற்க மறுக்கும். ஐ.பி.எம்., லெனோவோ, எச்.பி. ஆகிய நிறுவனங்களின் பல மாதிரிகளில், ஏற்கத்தக்க அட்டைகளின் பட்டியல் பயாசினுள்ளேயே இருந்தது. பட்டியலில் இல்லாத அட்டையைப் பொருத்தினால் கணினி தொடங்கவே தொடங்காது. திங்க்பேட் கணினிகளில் இதற்குரிய 1802 என்னும் பிழை எண் பெயர் பெற்றது. வானொலிக் கருவியும் அலைவாங்கியும் சேர்ந்தே அரசு ஒப்புதல் பெறுகின்றன என்பது இக்கட்டுப்பாட்டிற்குச் சொல்லப்பட்ட காரணம். வேறு பல நிறுவனங்கள் இத்தகைய பட்டியலின்றியே அதே சந்தைகளில் விற்றதால், இக்காரணம் பயனர்களிடம் எடுபடவில்லை.

சில்லை அடையாளம் காணல்

அட்டைப்பெட்டியின் மீதுள்ள பெயர் போதுமானதன்று. டி-லிங்க் நிறுவனத்தின் டி.டபிள்யூ.எல்-ஜி650 என்னும் அட்டையில் அத்தெரோஸ் சில்லு இருந்தது. அதே பெயருடன் ஒரு கூட்டல் குறி சேர்ந்த அட்டையில் இருந்ததோ டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு. நெட்கியர் டபிள்யூ.ஜி.511 அட்டையின் முதற் பதிப்பில் பிரிசம் சில்லும், இரண்டாம் பதிப்பில் மார்வெல் சில்லும் இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இயக்கி தேவை.

ஆகவே லினக்ஸில் முதல் வேலை, முனையத்தில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளையை இட்டுச் சில்லின் அடையாள எண்களைக் காண்பதாகும். யூ.எஸ்.பி. கருவிக்கு எல்.எஸ்.யூ.எஸ்.பி. கட்டளை. விண்டோஸில் இவ்வெண்கள் சாதன மேலாளரில் கிடைக்கும். முதல் எண் தயாரிப்பாளரையும் இரண்டாம் எண் சில்லையும் குறிக்கும். இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற முறைவழியாக்கியின் பெயரும் அதுவே.

இயக்கியும் நிலைபொருளும்

இயக்கி என்பது கணினியில் ஓடி அட்டையுடன் பேசும் மென்பொருள். நிலைபொருள் என்பது அட்டையிலுள்ள சில்லினுள்ளேயே ஓடும் சிறு நிரல். பல அட்டைகளில் நிலைபொருளை நிலையாக வைத்திருக்கும் நினைவகம் இல்லை. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் இயக்கி அதனைக் கோப்பிலிருந்து எடுத்து அட்டையில் ஏற்ற வேண்டும். இயக்கி இருந்து நிலைபொருள் இல்லாவிடில், அட்டை அடையாளம் காணப்படும். ஆனால் அலைகளைத் தேடாது.

இச்சிக்கலின் முழு உருவையும் பிராட்காம் சில்லுகளின் வரலாற்றில் காணலாம். 2000களின் நடுப்பகுதியில் டெல், எச்.பி., ஆப்பிள் மடிக்கணினிகள் பலவற்றில் பி.சி.எம்.4306, 4311, 4318 ஆகிய சில்லுகள் இருந்தன. பிராட்காம் இவற்றுக்கு லினக்ஸ் இயக்கியையோ சில்லின் விவரக் குறிப்புகளையோ வெளியிடவில்லை. எனவே தன்னார்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்து செயற்பட்டனர். ஒரு குழு இருந்த இயக்கியை ஆராய்ந்து சில்லின் நடத்தையை விளக்கும் ஆவணத்தை எழுதியது. மற்றைய குழு அவ்வாவணத்தை மட்டும் படித்துப் புதிய இயக்கியை எழுதியது. பதிப்புரிமை வழக்குக்கு இடங்கொடாதிருக்கவே இப்பிரிவினை. இவ்வாறு உருவான இயக்கி, 2006 ஜூனில் வெளியான லினக்ஸ் கருனி 2.6.17 இல் சேர்க்கப்பட்டது. 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 இல் பி43 என்னும் மேம்பட்ட இயக்கி அதன் இடத்தைப் பிடித்தது.

இயக்கி கட்டற்றதாகிய பின்னரும் நிலைபொருள் பிராட்காமின் உடைமையாகவே இருந்தது. அதனைப் பிறர் பகிர உரிமம் இல்லாததால், லினக்ஸ் வழங்கல்கள் அதனைத் தம் குறுவட்டில் சேர்க்க இயலவில்லை. பயனர் வேறோர் இயக்கிக் கோப்பை இணையத்திலிருந்து பதிவிறக்கி, பி43-எஃப்டபிள்யூகட்டர் என்னும் கருவியால் அதிலிருந்து நிலைபொருளை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இணையத்தில் இணைவதற்கான கோப்பைப் பெற இணையம் வேண்டும் என்பதே இங்கு எழுந்த முட்டுக்கட்டை. ஈதர்நெட் கம்பியோ வேறொரு கணினியோ கிட்டாதவர் அங்கேயே நின்றுவிட்டார். லினக்ஸை ஆர்வத்துடன் நிறுவியோர் பலர் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இதற்கு மாற்றாக என்டிஐஎஸ்ராப்பர் என்னும் மென்பொருள் பெரிதும் பயன்பட்டது. இது விண்டோஸ் எக்ஸ்பிக்கான இயக்கியை லினக்ஸினுள் இயக்கும் ஓர் உறை. அட்டையுடன் வந்த குறுவட்டில் உள்ள இயக்கிக் கோப்பைக் கொடுத்தால் போதும் என்பது அதன் சிறப்பு. எனினும் 64 பிட் கருனிக்கு 64 பிட் விண்டோஸ் இயக்கியே வேண்டும். அது பல அட்டைகளுக்குக் கிடைக்கவில்லை. இயக்கியில் பிழை நேர்ந்தால் அதன் மூலநிரல் எவரிடமும் இல்லாததால் திருத்தவும் முடியாது. 2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூல இயக்கியை வெளியிட்டது. பழைய சில்லுகள் அதில் அடங்கவில்லை.

அத்தெரோஸ் வேறு வழியில் சென்றது. 2008 இல் அந்நிறுவனம் தானே வெளியிட்ட ஏடிஎச்9கே இயக்கியின்கீழ் இயங்கும் பிசிஐ அட்டைகளுக்குத் தனி நிலைபொருட் கோப்பு ஏதும் தேவையில்லை. இதனால் முற்றிலும் கட்டற்ற மென்பொருளை நாடுவோர் அவ்வட்டைகளைத் தேடி வாங்கினர். இன்டெல்லோ இயக்கியின் மூலநிரலைத் திறந்து, நிலைபொருளை மூடியே வைத்து, ஆனால் அதனைப் பகிர உரிமம் அளித்தது. நடைமுறையில் பெரும்பாலானோருக்கு அதுவே போதுமானதாயிற்று.

டெபியன் திட்டம் கட்டற்றதல்லாத நிலைபொருளைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022 இல் நடந்த வாக்கெடுப்பில் அதனைச் சேர்க்க முடிவாகி, 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மறுபுறம், 16 பிட் பிசி கார்டு காலத்து அட்டைகள் சிலவற்றின் இயக்கிகள், பயன்படுத்துவோர் அருகியதால், 2024 இல் வெளியான கருனிப் பதிப்புகளிலிருந்து நீக்கப்பட்டன.

அமைவடிவாக்கம்

இயக்கி ஏறிய பின்னும் வலையமைப்பு எதுவும் தென்படாவிடில், முதலில் பார்க்க வேண்டியது வானொலியை அணைக்கும் நிலைமாற்றி. இது மடிக்கணினியின் விளிம்பில் சிறு நகர்த்தியாகவோ விசைப்பலகையில் ஒரு விசையாகவோ இருக்கும். லினக்ஸில் ஆர்.எஃப்.கில் என்னும் கட்டளை, தடை வன்பொருளால் ஆனதா மென்பொருளால் ஆனதா என்று காட்டும். மென்பொருள் தடையைக் கட்டளையாலேயே நீக்கலாம். வன்பொருள் தடைக்கு நிலைமாற்றியையே நகர்த்த வேண்டும். நிலைமாற்றி பழுதான பழைய கணினிகளில், மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையின் 20 ஆம் முனையை மெல்லிய ஒட்டுநாடாவால் மறைத்து இத்தடையைத் தவிர்ப்போரும் உண்டு.

அடுத்தது அலைவரிசை. 2.4 கிகாஏர்ட்சு பட்டையில் ஐக்கிய அமெரிக்காவில் 1 முதல் 11 வரையான அலைவரிசைகளே வழக்கிலுள்ளன; இந்தியா உட்பட வேறு பல நாடுகளில் 13 வரை உண்டு. அட்டை அமெரிக்க விதிக்கு அமைந்திருந்து, திசைவி 12 அல்லது 13 ஆம் அலைவரிசையில் ஒலிபரப்பினால், பக்கத்து வீட்டு வலையமைப்புகள் தெரியும். சொந்த வலையமைப்பு தெரியாது. நாட்டுக் குறியீட்டைத் திருத்துவதோ, திசைவியை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாற்றுவதோ இதற்குத் தீர்வாகும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் அட்டையுடன் வந்த மேலாண்மைக் கருவியும், இயக்குதளத்தின் உள்ளமைந்த சேவையும் ஒரே அட்டையைக் கட்டுப்படுத்த முயன்று இணைப்பை மாறி மாறித் துண்டித்தது பரவலான தொல்லை. இரண்டில் ஒன்றை நிறுத்தினால் அது தீர்ந்தது. லினக்ஸில் இப்பணியை நெட்வொர்க்மேனேஜர் போன்ற மென்பொருள்கள் செய்கின்றன. கைமுறை அமைப்புக்கு முன்பு பயன்பட்ட ஐ.டபிள்யூ.கான்ஃபிக் கட்டளையின் இடத்தில் ஐ.டபிள்யூ. என்னும் கட்டளை வந்துள்ளது.

மறைகுறியாக்க முறையைத் தேர்வதில் பழைய அட்டைகள் தடையாகலாம். 802.11பி அட்டைகள் பலவற்றுக்கு டபிள்யூ.இ.பி. முறை மட்டுமே தெரியும். இம்முறையின் குறைபாடு 2001 லேயே வெளிப்பட்டது. 2007 இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 பிட் திறவுகோலை ஒரு நிமிடத்திற்குள் கண்டறியலாம் எனக் காட்டினர். அத்தகைய அட்டை ஒன்றுக்காகத் திசைவியை டபிள்யூ.இ.பி. முறைக்கு இறக்கினால், வீட்டிலுள்ள மற்றைய கணினிகள் அனைத்தின் பாதுகாப்பும் அதனுடன் சேர்ந்து இறங்கும். 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையை அட்டை ஏற்காதாயின், அதனை மாற்றிவிடுவதே தகும்.