திசை திரும்பிய விமானங்கள்

1919-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலிருந்து கிளம்பி, அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒரே மூச்சில் கடந்து, அயர்லாந்தின் சதுப்பு நிலமொன்றில் போய் இறங்கிய ஆல்காக், பிரவுன் என்னும் இருவரின் சாகசத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்கள் புறப்பட்ட அதே தீவின் உட்பகுதியில், காடுகளும் ஏரிகளும் சூழ, கேண்டர் என்று ஓர் ஊர் இருக்கிறது. எண்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, போகும் இடம் ஒன்றிருக்கப் போய்ச் சேர்ந்த இடம் வேறொன்றாகிய பல்லாயிரம் பிரயாணிகளை அந்த ஊர் எப்படித் தாங்கிற்று என்பதை இந்த வாரம் சற்று விரிவாகவே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேண்டர் விமானத்துக்காகவே பிறந்த ஊர். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பறக்க வேண்டுமென்ற ஆவல் மிகுந்திருந்தும், சமுத்திரம் முழுவதையும் தாண்டுவதற்கு வேண்டிய எரிபொருளைச் சுமக்கும் சக்தி அக்காலத்து விமானங்களுக்கு இல்லாதிருந்தபடியால், இரு கண்டங்களுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில் அமைந்த இந்த இடத்தைத் தேர்ந்து, 1936-இல் காட்டை வெட்டி ஓடுபாதை அமைக்கத் தொடங்கினார்கள். 1938 ஜனவரியில் முதல் விமானம் இறங்கிற்று. யுத்த காலத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட போர் விமானங்களும், யுத்தத்துக்குப் பின் பிரயாணி விமானங்களும் இங்கே தங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டே அப்பால் சென்றன. 1959-இல் இரண்டாம் எலிசபெத் ராணி திறந்துவைத்த பிரயாணிகள் கூடம் இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் ஜெட் விமானங்கள் வந்து, நிற்காமலே சமுத்திரத்தைக் கடக்க ஆரம்பித்த பிறகு, அந்தக் கூடத்தின் ஜனசந்தடி படிப்படியாக ஓய்ந்துபோயிற்று. நீண்ட ஓடுபாதைகள் மட்டும், எப்போதேனும் நோயாளி ஒருவருக்காகவோ இயந்திரக் கோளாறுக்காகவோ அவசரமாக இறங்கும் விமானங்களை எதிர்நோக்கிக் கிடந்தன.

2001 செப்டம்பர் 11-ஆம் தேதி, கடத்தப்பட்ட விமானங்கள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களில் மோதியதைத் தொடர்ந்து, அந்நகரில் காலை 9.45 ஆகிய வேளையில், அமெரிக்க வானத்திலுள்ள விமானங்கள் அனைத்தும் உடனே தரையிறங்க வேண்டுமென்று உத்தரவாயிற்று. வெளிநாட்டிலிருந்து வருபவற்றுக்கும் கதவு அடைக்கப்பட்டது. நம் நாட்டைப்போலவே உலகக் கடிகாரத்தில் அரை மணிக் கணக்கு வைத்திருக்கும் நியூஃபவுண்ட்லாந்தில் அப்போது மணி 11.15. ஐரோப்பாவில் அன்று புறப்பட்ட விமானங்கள் வரிசையாக மேற்கு நோக்கிச் சமுத்திரத்தின் மீது வந்துகொண்டிருந்த நேரம் அது. பாதி வழியைத் தாண்டாதவை திரும்பிச் சென்றன. தாண்டியவை திரும்பப் போதிய எரிபொருள் இன்றிக் கனடாவை நாடின. அந்த நாடு அன்று இருநூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு இடங்கொடுத்தது. அவற்றில் 38 விமானங்கள், ஏறக்குறைய 6,600 மனிதர்களோடு, அப்போது சுமார் 10,000 பேர் வாழ்ந்த கேண்டரில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின.

இறங்கினவே தவிர, கதவுகள் திறக்கவில்லை. எந்த விமானத்தில் எவன் இருக்கிறானோ என்ற அச்சம் அன்று உலகமெங்கும் வியாபித்திருந்ததனால், ஒவ்வொரு விமானமாகவே பிரயாணிகளை இறக்கிச் சோதித்தார்கள். தங்கள் முறை வருமுன் 24 மணி நேரத்துக்கும் மேலாக ஆசனத்திலேயே அடைபட்டிருந்தவர்கள் உண்டு. சில விமானங்களில், இறங்கும் முன்பு பயணிகள் கலவரமடையக் கூடாதென்று, சிறு கருவிக் கோளாறு என்று மட்டுமே முதலில் அறிவித்தார்கள். தரையில் வரிசையாக நிற்கும் பல தேசத்து விமானங்களைச் சாளரத்தின் வழியே கண்ட பிறகுதான் நடந்தது வேறென்று பலருக்கும் விளங்கிற்று. விமானிகள் அறிந்த அளவு செய்தியை ஒளிக்காமல் சொன்ன பிறகு, அழுகையும் திகைப்பும் இருந்தாலும், ஒருவரையொருவர் விசாரித்துத் தேற்றிக்கொள்ளும் மனநிலையும் கூடவே உண்டாயிற்று. நீண்ட தாமதத்தில் மனிதனை வாட்டுவது காத்திருப்பைக் காட்டிலும், ஏன் காத்திருக்கிறோம், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், நம்மைப்பற்றி யாருக்காவது பொறுப்பு உண்டா என்பவை தெரியாமலிருப்பதே என்பது என் திடமான அபிப்பிராயம். பிரயாணிகளுக்குப் பொறுமையை உபதேசிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேண்டர் வாசிகள் மறக்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் அப்போது வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் பதாகைகளைக் கீழே போட்டுவிட்டுப் பேருந்துகளை விமான நிலையத்துக்கு ஓட்டி வந்தார்கள். பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், சங்கக் கட்டடங்கள் எல்லாம் தங்குமிடங்களாயின; ஓட்டல் அறைகளோ, எந்த நேரத்திலும் விமானத்தை எடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் விமான ஊழியர்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. கேண்டர் போதாமல், லூயிஸ்போர்ட், காம்போ, ஆப்பிள்டன், கிளென்வுட், நாரிஸ் ஆர்ம் ஆகிய அண்டை ஊர்களும் ஆளுக்குச் சில விமானத்தாரை ஏற்றுக்கொண்டன. கல்யாண வீட்டுக்குப் பந்தி பரிமாறுவது போல, வீடு வீடாகச் சமைத்த உணவு வந்து குவிந்தபோது, வைக்க இடமில்லாமல் பனி ஹாக்கி விளையாடும் அரங்கத்தையே குளிர்சாதனக் களஞ்சியமாக்கிக் கொண்டார்கள்.

உணவும் படுக்கையும் எவருக்கும் தோன்றக்கூடிய உதவிகள். அவற்றுக்கு மேலாக அவர்களுக்குத் தோன்றியவற்றையே நான் வியக்கிறேன். தொலைபேசிக் கம்பெனியார் தெருவோரம் மேசை போட்டு வரிசையாகத் தொலைபேசிகளை வைத்து, உலகின் எந்த மூலைக்கும் காசில்லாமல் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். தங்குமிடங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்தன. மாற்றுத்துணி இருந்த பெட்டிகளெல்லாம் பாதுகாப்புக் காரணமாக விமானத்தின் வயிற்றிலேயே தங்கிவிட்டபடியால், முன்பின் அறியாதவர்களை ஊரார் தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று குளிக்கச் செய்து, உடுக்க உடையும் கொடுத்தார்கள். அந்தப் பெட்டிகளோடு பலருடைய மருந்துகளும் சிக்கிக்கொண்டன. ரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் என்று வந்து நின்றவர்களில் பலருக்குத் தாங்கள் விழுங்கும் மாத்திரையின் பெயர் தெரியாது; நிறம் தெரியும், அவ்வளவுதான். ஊர் மருந்துக்கடைக்காரர்கள் இரவெல்லாம் விழித்திருந்து, பல நாடுகளின் வைத்தியர்களையும் மருந்துக்கடைகளையும் தொலைபேசியில் தேடிப் பிடித்து, ஒவ்வொருவருக்கும் உரிய மருந்து இன்னதென்று நிச்சயித்து, விலை வாங்காமல் கொடுத்தார்கள். வெளிநாடு செல்லும் நம்மவர்கள், முக்கியமாக வயது முதிர்ந்தவர்கள், நாலைந்து நாளைக்கு வேண்டிய மாத்திரைகளையும் வைத்தியரின் சீட்டையும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமென்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வதற்கு இந்த ஒரு விவரமே போதும்.

அயர்லாந்திலிருந்து நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்த ஒரு முதிய தாய் அங்கே சிக்கியிருந்தார். அவருடைய மகன் நியூயார்க்கில் தீயணைப்பு வீரர். இடிந்த கோபுரங்களுக்குச் சென்றவர் என்ன ஆனார் என்ற தகவலில்லை. அதே ஊரில், தீயணைப்புப் படையில் தொண்டராக இருக்கும் ஒரு மகனைப் பெற்ற இன்னொரு தாய் இதைக் கேள்விப்பட்டு வந்து, அவரருகே உட்கார்ந்து, வேடிக்கைக் கதைகள் சொல்லியும், பேச்சுத் துணையாக இருந்தும், அந்த நாட்களைக் கடத்த உதவினார். மகன் உயிர்நீத்தார் என்பது பின்னர் உறுதியாயிற்று. வந்த துயரத்தை அந்தப் பெண்மணியால் மாற்ற முடியவில்லை. ஆனால் தகவலுக்காகத் தவித்த நாட்களில் அந்தத் தாயைத் தனிமையில் விட்டுவிடாமல் காத்தார். அவர்கள் இருவரும் பிறகும் சிநேகிதிகளாகவே இருந்தார்கள்.

விமானங்களின் அடித்தளத்தில் கூண்டில் கிடந்த நாய்களையும் பூனைகளையும், மிருகக்காட்சிசாலைக்குப் போய்க்கொண்டிருந்த போனோபோ என்னும் இரண்டு மனிதக் குரங்குகளையும் கூட, பிராணிகள் காப்பகத்தைச் சேர்ந்த பானி ஹாரிஸ் என்ற மாது தவழ்ந்து சென்று கண்டுபிடித்துத் தண்ணீரும் ஆகாரமும் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வானம் திறக்கத் திறக்க, விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பணம் கொடுக்க முன்வந்தவர்களிடம் ஊரார் வாங்க மறுத்துவிட்டார்கள். லூயிஸ்போர்ட்டில் தங்கிய டெல்டா 15 விமானத்தில், வீடு திரும்பும் வழியிலேயே ஒரு பிரயாணி ஒலிபெருக்கியை வாங்கி, அந்த ஊர்ப் பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்காக ஒரு நிதி தொடங்கலாமா என்று கேட்டார். ஆசனத்துக்கு ஆசனம் காகிதம் கைமாறி, தரையிறங்குமுன் ஆயிரக்கணக்கான டாலர் எழுதிக் கையொப்பமாயிற்று. லுஃப்தான்சா நிறுவனம் 2002-இல் தன் பெரிய விமானமொன்றுக்குக் கேண்டர், அன்று விமானங்களுக்கு இடங்கொடுத்த மற்றொரு கனடிய ஊரான ஹாலிஃபாக்ஸ் என்று இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்துச் சூட்டிற்று. லூயிஸ்போர்ட் நிதியோ ஆண்டுக்காண்டு வளர்ந்து, அன்று விமானத்தில் இருந்தவர்களைப் பார்த்தேயிராத மாணவர்களையும் கல்லூரிக்கு அனுப்பி வந்திருக்கிறது.

(தொடரும்)