பெட்டி புதுசு, அச்சு பழசு: ராணுவ மாடல் கிட் வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

வாணியம்பாடியிலிருந்து ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "அண்ணா, ஆன்லைன்ல ஒரே ஸ்பிட்ஃபயர் விமானம் ரெண்டு பெட்டியில இருக்கு. ரெண்டும் ஒரே கம்பெனி, ரெண்டும் 72ல ஒரு பங்கு அளவு. விலை மட்டும் வேற. எதை வாங்குறது?"

நல்ல கேள்வி. இங்கே மாடல் கிட் விலை குறைவான சமாச்சாரம் இல்லை. இறக்குமதி வரி, கூரியர் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னப் பெட்டி கூட நல்ல செலவு வெச்சுடும். காசு குடுத்து வாங்கி, திறந்து பார்த்தா உள்ளே 50 வருஷம் பழைய சாமான் இருந்தா எப்படி இருக்கும்? அது அடிக்கடி நடக்குது. அதனால இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே விஷயம்: பெட்டியைப் பார்க்காதீங்க, அச்சைப் பாருங்க.

அச்சுன்னா என்ன?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருக்கிறவங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். ஷூ கம்பெனிக்கு சோல் எப்படி வருது? ஒரு உலோக அச்சு, அதுக்குள்ள உருகின பொருளை அழுத்தி அனுப்புறாங்க, ஆறினதும் திறந்து எடுக்குறாங்க. 7ஆம் நம்பர் சோலுக்கு ஒரு அச்சு, 8ஆம் நம்பருக்கு இன்னொண்ணு. டிசைன் மாறினா எல்லா சைஸுக்கும் திரும்ப அச்சு வெட்டணும். சோல் தயாரிப்பில் பெரிய முதலீடு அங்கேதான். அதனால ஒருதடவை வெட்டின அச்சை யாரும் சீக்கிரம் தூக்கிப் போட மாட்டாங்க.

மாடல் கிட்டும் அதே கதைதான். பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை உருக்கி, எஃகு அச்சுக்குள்ள அழுத்தத்தோட செலுத்துறாங்க. வெளியே வர்றது ஒரு சட்டம். அதில் இறக்கை, சக்கரம், துப்பாக்கி எல்லாம் கொத்துக்கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூன்னு பேர். எஃகு அச்சு நல்லாப் பராமரிச்சா பல பத்தாண்டு தாங்கும். இங்கேதான் விஷயம் ஆரம்பிக்குது.

கடைக்கு வர்ற 'புது' கிட்டை மூணு வகையாப் பிரிக்கலாம். ஒண்ணு, நிஜமான புது அச்சு. புதுசா அளவெடுத்து, கணினியில் வரைஞ்சு, புதுசா வெட்டினது. ரெண்டு, மறுவெளியீடு. அதே கம்பெனி தன்னோட பழைய அச்சைத் திரும்ப ஓட்டி, புதுப் படம் போட்ட பெட்டியில் தர்றது. மூணு, பெட்டி மாற்றம். ஒரு கம்பெனியோட அச்சிலிருந்து வந்ததை இன்னொரு கம்பெனி தன் பேர்ல விக்கிறது.

நேயர் கேட்ட ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கோங்க. பிரிட்டனோட ஏர்ஃபிக்ஸ் கம்பெனி முதல் ஸ்பிட்ஃபயர் கிட்டை 1950களில் கொண்டு வந்தது. அதுக்கப்புறம் அதே விமானத்துக்குப் பல தடவை புது அச்சு வெட்டியிருக்காங்க. அதனால ஒரே பேர், ஒரே அளவு, ஒரே கம்பெனி, ஆனா உள்ளே இருக்கிறது வேற வேற தலைமுறை. ஏர்ஃபிக்ஸ் இதில் கொஞ்சம் நேர்மை. பழைய அச்சுகள் பலவற்றை 'விண்டேஜ் கிளாசிக்ஸ்' என்ற வரிசையில் தனியாவே விக்கிறாங்க. எல்லாக் கம்பெனியும் அப்படிச் சொல்றதில்லை.

அச்சுகளோட பயணம்

இந்த அச்சுகள் கை மாறின கதை ஒரு த்ரில்லர் மாதிரி. ஏர்ஃபிக்ஸ் 1981ல் திவாலாச்சு. வாங்கின கம்பெனி அச்சுகளை பிரான்ஸுக்கு அனுப்பியது. 1986ல் ஹம்ப்ரால் கைக்குப் போச்சு. 2006ல் அதுவும் சரிஞ்சப்போ ஹார்ன்பி வாங்கியது. அப்போ அச்சுகள் பிரான்ஸில் ஹெல்லர் கம்பெனியோட தொழிற்சாலையில் இருந்தது. பேரை வாங்குறது பெரிசில்லை, அந்த எஃகு கட்டிகள் கைக்கு வந்தாத்தான் வியாபாரம்.

இன்னொரு கதை. பிரிட்டனில் ஃப்ராக் என்று ஒரு கம்பெனி இருந்தது. 1970களில் அது மூடினப்போ அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்குப் போச்சு. அங்கே 'நோவோ' என்ற பேர்ல கிட் வந்தது. ஆனா ஜெர்மன், ஜப்பான் விமானங்களோட அச்சுகள் மட்டும் அங்கே போகலை. ரெண்டாம் உலகப் போரில் எதிரியா இருந்த நாடுகளோட விமானம் ஆச்சே. அதெல்லாம் ரெவல் கம்பெனிக்குப் போச்சு. ஒரு பொம்மை அச்சுக்குக் கூட அரசியல் உண்டு.

அந்த ரெவல் பெட்டிக்குள்ள இன்னைக்கும் பழைய மேட்ச்பாக்ஸ் அச்சு வர்றது உண்டு. பெட்டி மேல ரெவல்னு பெரிசா இருக்கும். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் 1970களில் வெட்டின மேட்ச்பாக்ஸோடதா இருக்கலாம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2010களில் இருந்து வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றைத் திருப்பிப் பார்த்தா 'மேட் இன் இந்தியா' என்று அச்சடிச்சிருக்கும். ஆமா, பிளாஸ்டிக் வார்க்கிற வேலை இந்தியாவில் நடந்திருக்கு. ஆம்பூர்க்காரங்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. இங்கே தைச்ச ஷூ வெளிநாட்டு பிராண்ட் பேரோட கப்பல் ஏறுது. அதையே ஷோரூமில் வாங்கணும்னா அந்த பிராண்ட் சொல்ற விலைதான். வேலை இங்கே நடக்கும். எந்த டிசைனுக்கு அச்சு வெட்டலாம்னு முடிவெடுக்கிறது வேற எங்கேயோ.

யாருக்கு அச்சு கிடைக்குது?

அந்த முடிவுதான் எனக்கு முக்கியமாப் படுது. எந்த விமானத்துக்கு, எந்த டேங்குக்கு அச்சு வெட்டுறாங்களோ அதைத்தான் நம்மால கட்ட முடியும். மத்ததெல்லாம் அலமாரிக்கு வராது.

நாட் விமானத்தைப் பாருங்க. 1965 போரில் பாகிஸ்தானோட சேபர் விமானங்களை எதிர்த்து நின்ன சின்ன விமானம். 'சேபர் ஸ்லேயர்'னு பட்டப்பேர். பெங்களூரு எச்ஏஎல்-லிலும் இது தயாராச்சு. இந்திய விமானப்படை போரில் ஓட்டினது ஒற்றை இருக்கை நாட். ஏர்ஃபிக்ஸ் 1960களில் வெட்டின நாட் அச்சு என்ன தெரியுமா? பிரிட்டனோட ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டின ரெண்டு இருக்கைப் பயிற்சி விமானம். 2010களில் அதே அளவில் புது அச்சு வெட்டினாங்க. அதுவும் ரெண்டு இருக்கைதான்.

"பின் சீட்டை மூடிட்டா ஆச்சே"ன்னு கேப்பீங்க. ஆகாது. பயிற்சி விமானத்தோட உடம்பு நீளம், இறக்கையும் பெரிசு. 7ஆம் நம்பர் அப்பருக்கு 9ஆம் நம்பர் சோல் ஒட்டின மாதிரிதான் இருக்கும். இந்திய வட்டக் குறியை ஒட்டினாலும் அது இந்திய நாட் ஆகாது.

இதை மாத்தினது செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி. நாட்டிலிருந்து எச்ஏஎல் உருவாக்கின அஜீத் விமானத்தையே 72ல ஒரு பங்கு அளவில் கிட்டா கொண்டு வந்தாங்க. இந்த மாதிரி சின்னக் கம்பெனிகள் குறைஞ்ச எண்ணிக்கைக்கு ஏத்த எளிய அச்சு வெட்டுவாங்க. பாகங்கள் தானாப் பொருந்தாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், மாவு வெச்சு இடுக்கு அடைக்கணும். வேலை ஜாஸ்தி. ஆனா கிடைக்கிறது நம்ம விமானம்.

மிக்-21 விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். பல நாடுகள் ஓட்டினதால கிட்டுக்குப் பஞ்சமே இல்லை. 1963ல் இந்தியப் படையில் சேர்ந்த அந்த விமானம் 2025 செப்டம்பர் 26ல் சண்டிகரில் விடைபெற்றது. அதைக் கட்டணும்னு ஆசைப்படுறவங்க செக் நாட்டு எட்வார்ட் கம்பெனி 2010க்கு அப்புறம் வெட்டின அச்சுகளைத் தேடுங்க. ஆனா இந்தியா ஓட்டின ரகம் எதுன்னு பார்த்து வாங்குங்க. ரகத்துக்கு ரகம் முதுகு, வால் எல்லாம் மாறும்.

டேங்க் பக்கமும் அப்படித்தான். 1971 டிசம்பர் 16ல், பசந்தர் சண்டையில், 21 வயசு அருண் கேத்தர்பால் 'ஃபாமகுஸ்டா' என்ற டேங்கில் நின்னு போராடி உயிர் விட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தாங்க. அந்த டேங்க் பிரிட்டிஷ் செஞ்சூரியன். பல நாட்டுப் படைகளில் இருந்ததால அதுக்கு டாமியா, ஏஎஃப்வி கிளப் கிட்டுகள் உண்டு. ஒரு டேங்க் எத்தனை நாட்டுல ஓடுச்சோ அத்தனை நாட்டு வாடிக்கையாளர், அதனால அச்சு.

இப்போ வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டுக்குப் போங்க. அங்கே ஒரு கல்வெட்டு இருக்கு. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனாங்க, 14 பேர் உயிர் விட்டாங்கன்னு சொல்லுது. பக்கத்துல கம்மவான்பேட்டை. தலைமுறை தலைமுறையா பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி 'ராணுவப்பேட்டை'ன்னே பேர் வாங்கின ஊர். முதல் உலகப் போர் கிட்டுன்னு தேடுங்க. சாப்வித் கேமல் வரும், ஃபோக்கர் வரும், பிரிட்டிஷ் டேங்க் வரும். அந்த 277 பேரை அந்தப் பட்டியலில் தேடி எடுக்கிறது கஷ்டம். மறுவெளியீடு என்பது ஏற்கனவே அச்சு இருக்கிற கதையைத் திரும்பச் சொல்றது. அச்சே வெட்டாத கதைக்கு மறுவெளியீடு கிடையாது.

வாங்குறதுக்கு முன்னாடி

சரி, கையில் காசு இருக்கு. என்ன பண்ணலாம்?

முதல் வேலை, ஸ்கேல்மேட்ஸ் என்ற தளத்தில் கிட்டோட பேரையும் எண்ணையும் போடுங்க. அந்த அச்சு எந்த வருஷம் பிறந்தது, எந்தெந்தப் பெட்டியில் வந்ததுன்னு வம்சாவளி மாதிரி காட்டும்.

ரெண்டு, பெட்டிப் படத்தை விட்டுட்டு ஸ்ப்ரூ படத்தைப் பாருங்க. விமானத் தகடுகளோட இணைப்புக் கோடு மேடா புடைச்சிருந்தா பெரும்பாலும் பழைய அச்சு. மெல்லிசா உள்ளே குழிஞ்சிருந்தா பெரும்பாலும் பிந்தையது. பாகங்களோட ஓரத்தில் பிளாஸ்டிக் பிதுங்கியிருந்தா அச்சு தேய்ஞ்சிருக்கலாம்.

மூணு, பெட்டியில் இருக்கிற வருஷத்தை நம்பாதீங்க. அது பெட்டி அச்சடிச்ச வருஷமா இருக்கலாம்.

நாலு, ஸ்டிக்கர் தாளை, அதாவது டீக்காலைப் பாருங்க. பழைய அச்சோட நல்ல புது டீக்கால் வந்திருந்தா அது பாதி வெற்றி. பழைய பெட்டியில் டீக்கால் மஞ்சளாயிருந்தா, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைங்க. வெயில் அந்த மஞ்சளை வெளுக்கும். வேலூர்ல வெயிலுக்கா பஞ்சம்? ஆனா கட்டி முடிச்ச மாடலை மட்டும் வெயில்ல நிக்கிற கார்ல விடாதீங்க, மெல்லிய பாகங்கள் வளைஞ்சுடும்.

பழைய அச்சு வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. முதல் கிட்டுக்கு அது நல்ல தேர்வு. பாகம் கம்மி, விலை கம்மி, பெயிண்ட் சொதப்பினாலும் மனசு வலிக்காது. உங்களுக்குப் பிடிச்ச விமானத்துக்கு வேற அச்சே இல்லைன்னாலும் வாங்கலாம். தெரிஞ்சு வாங்குங்க, புதுசுன்னு நினைச்சு ஏமாறாதீங்க, அவ்வளவுதான்.

வாணியம்பாடி நண்பருக்கு பதில்: ரெண்டு பெட்டியோட எண்ணையும் தேடிப் பாருங்க. முதல் தடவை கட்டுறீங்கன்னா விலை குறைஞ்ச பழசு போதும். அலமாரியில் வருஷக்கணக்கா வைக்கணும்னா புது அச்சு. அடுத்த தடவை ஒரு அஜீத்தும் வாங்குங்க. நாலு பேர் வாங்கினாத்தான் நம்ம கதைக்கு இன்னொரு அச்சு வெட்டலாம்னு யாருக்காவது தோணும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.