வான்வெளியில் நம் குரல் எங்கே?

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சேலத்திற்குச் சாலை பிரியும் ஊர் உளுந்தூர்பேட்டை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான ஊர்திகள் இவ்வூரைக் கடந்து செல்கின்றன. தொலைக்காட்சியும் வானொலியும் அவ்வண்ணமே கடந்து செல்கின்றன. விபத்தோ தேர்தலோ வந்தாலன்றி அவை இப்பகுதியைத் திரும்பிப் பார்ப்பது அரிது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. உடனே ஒளிப்பதிவுக் கருவிகள் அணிவகுத்து வந்தன. அதன் பின்னரே கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரித்தது. சாவுக்குப் பின் நாட்டின் செவிக்கு எட்டிய அம்மக்களின் குறை, அதற்கு முன்பே எட்டியிருக்க வேண்டாமா?

அலைகள் யாருக்குச் சொந்தம்?

1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தைக் காட்டி, ஒலிபரப்பைத் தன் தனியுரிமையாகவே அரசு நெடுங்காலம் வைத்திருந்தது. வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்நிலையை மாற்றியது. வானலைகள் பொதுமக்களின் சொத்து. அவற்றில் அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது. சமுதாயத்தின் எல்லாப் பிரிவினரையும் கொண்ட தன்னாட்சி ஆணையம் அவற்றை நெறிப்படுத்த வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். பல தரப்புக் கருத்துகளையும் அறியாத குடிமகன் எவ்வாறு தெளிந்து வாக்களிப்பான்?

இன்று தமிழில் தொலைக்காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் எண்ணிக்கை வேறு, பன்மை வேறு. பத்து அலைவரிசைகளில் ஒரே விவாதம் நடந்தால் அது ஒரே குரலின் பத்து எதிரொலிதான்.

சிறிய ஒலிபரப்பு, பெரிய பயன்

இலங்கை வானொலி தன் முஸ்லிம் சேவையைத் தமிழில் நடத்தி வருவதை நம் இல்லத்துப் பெரியோர் அறிவர். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமூகத்திற்கும் தனி நேரம் ஒதுக்க முடியும் என்பதற்கு அது சான்று. நம் நாட்டில் 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் சமுதாய வானொலி பிறந்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வாய்ப்புக் கிட்டியது. பாம்பன் மீனவருக்கென்று ‘கடல் ஓசை’ ஒலிக்கிறது. தெலங்கானாவில் தலித் பெண்களே 2008 முதல் ‘சங்கம் வானொலி’யை நடத்துகின்றனர்.

ஆனால், இவ்வானொலிகள் சொந்தமாகச் செய்தி தொகுத்து ஒலிபரப்ப இயலாது. தனியார் பண்பலைக்கும் இதே தடைதான். ஆகாசவாணியின் செய்தியை மட்டுமே அஞ்சல் செய்யலாம். நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உரிமை, ஏழையின் கைக்கு எட்டும் வானொலிக்கு மட்டும் மறுக்கப்படுவது என்ன நியாயம்?

வாசக அன்பர்களே! சமுதாய வானொலி நடத்தக் கல்வி நிறுவனங்களும் பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். கல்லூரிகள் நடத்தும் நம் அறக்கட்டளைகள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் குறையை மட்டுமன்றி, மலைவாழ் மக்களின் குறையையும் கரும்பு விவசாயியின் கவலையையும் அது ஒலிக்க வேண்டும். பிறர் குரலுக்கும் இடம் தருவோரே தம் குரலுக்கு உரிமையுடன் இடம் கேட்க முடியும்.