வண்டித் தொட்டியின் பூச்சும் வேலையாளின் உயிரும்

சென்னையின் வடகோடியில், கொசஸ்தலையாற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே அமைந்திருப்பது சடையங்குப்பம். மணலியின் தொழிற்சாலைகளும், துறைமுகத்துச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளும் அதன் அண்டை அயலார். காற்றில் கடலின் உப்பு உண்டு. மழைக் காலத்தில் வெள்ளமும் உண்டு. 2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரி நீர் ஆற்றில் பெருகியபோது இவ்வூரைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. இத்தகைய இடத்தில் ஓடும் வண்டியின் இரும்பு நெடுநாள் துருப்பிடியாமல் இருத்தல் அரிது.

அதற்குப் பரிகாரமாகவே சரக்குத் தொட்டியின் உட்புறத்தில் ரப்பர் போன்ற கரிய பூச்சு ஒன்றைத் தெளித்துக் கொள்கின்றனர். பாலியூரித்தேன் என்றும் பாலியூரியா என்றும் இதில் வகைகள் உண்டு. இரண்டு திரவங்கள் தெளிக்கும்போது கலந்து, விரைவிலேயே இறுகிவிடுகின்றன. நன்றாகப் பற்றியிருக்கும் வரை இது வண்டிக்குக் கவசமே. ஆனால் ஓர் ஓரத்தில் பிளவு கண்டுவிட்டால் உப்புநீரும் உரத்தின் கசிவும் உள்ளே புகுந்து, வெளியேற வழியின்றித் தங்கிவிடும். மேலே கவசம் பளபளக்க, அடியில் தகடு அரிக்கப்படும். அத்தொட்டியில் ஏற்றிய நூற்கட்டில் துருக்கறை பட்டால் நெசவாளருக்கு நஷ்டம். தகடு ஓட்டையானால் விவசாயியின் தானியம் வழியில் சிந்தும். ஆகவே, பிளவு கண்ட பூச்சை நீக்கியே ஆகவேண்டும். எவ்வாறு நீக்குவது என்பதே கேள்வி.

சிலர் ரசாயன நீக்கியைத் தடவலாம் என்பர். பெயிண்ட் நீக்கிகள் பலவற்றில் டைகுளோரோமீத்தேன் என்னும் திரவம் இருந்து வந்துள்ளது. இஃது ஏறத்தாழ 40 டிகிரி வெப்பத்திலேயே கொதிப்பது. நமது சித்திரை வெயிலுக்கு அதனை ஆவியாக்கும் வல்லமை உண்டு. அந்த ஆவி காற்றினும் கனமானது. நாற்புறமும் சுவர் எழுந்த வண்டித் தொட்டியில் அது தண்ணீரைப் போலத் தேங்கி நிற்கும். குனிந்து சுரண்டுபவர் மயங்கி விழுந்தால் அந்த ஆவிக்குள்ளேயே விழுவார். உடலினுள் சென்றபின் இது கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. அமெரிக்காவில் குளியல் தொட்டிகளுக்குள் குனிந்து பழைய பூச்சை நீக்கிய தொழிலாளர் 2000 முதல் 2011 வரை குறைந்தது 13 பேர் இதனால் மாண்டனர். அந்நாட்டு அரசு 2019இல் பொதுமக்களுக்கு இதனைப் பெயிண்ட் நீக்கியாக விற்பதைத் தடுத்தது. 2024இல் மேலும் பல உபயோகங்களையும் தடை செய்தது. மூக்கில் கட்டும் துண்டு தூசியில் ஒரு பகுதியைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது.

வேறு சிலர் தீயிட்டுப் பொசுக்கிவிடலாம் என்பர். இது கொடிய யோசனை. இறுகிய பூச்சு சாதாரண நிலையில் சாதுவானது. ஆனால் மிகுந்த வெப்பத்தில் சிதைந்து ஐசோசயனேட்டுகளை வெளிவிடும், எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடையும் வெளிவிடும். 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயுவும் ஐசோசயனேட் குடும்பத்தைச் சேர்ந்ததே. இவை அதனின்றும் வேறானவையெனினும் தீராத ஆஸ்துமாவை உண்டாக்க வல்லவை.

எனவே, மெதுவானதாயினும் கையால் செய்யும் முறையே நமக்கு உகந்தது. திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, பூச்சைக் கூரிய கத்தியால் நான்கு விரல் அகலப் பட்டைகளாகக் கீறிக்கொள்ள வேண்டும். வெப்பக்காற்று வீசும் மின்கருவியால் ஒரு பட்டையை இளக மட்டும் சூடாக்கி, உளியையோ சுரண்டியையோ ஓரத்தில் செலுத்தி நெம்பியெடுக்க வேண்டும். புகையோ நாற்றமோ எழுந்தால் சூடு மிகுந்துவிட்டது என அறிந்து உடனே நிறுத்துக. எஞ்சியதைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்க்கும்போது தகுந்த முகமூடியும் கண்ணாடியும் அணிதல் அவசியம். துரு முற்றும் போனபின், அன்றே துருத் தடுக்கும் பிரைமர் அடித்துவிட வேண்டும். உப்புக்காற்றில் வெற்றுத் தகட்டை இரவு முழுதும் விட்டுவைத்தால் காலையில் மீண்டும் துரு காணும்.

உரித்தெடுத்த துண்டுகள் உருகாதவை, மக்காதவை. அவற்றை எரிக்கவும் கூடாது. கால்வாயில் எறியவும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தையும் மீனவர் படகுகளையும் வலைகளையும் பாழ்படுத்தியது. நீரில் விட்டது நீரோடு போய்விடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. பட்டறைகளிடம் விலைப்புள்ளி கேட்கும்போது தொகையை மட்டும் கேளாமல், எம்முறையில் நீக்குவர் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுக. டைகுளோரோமீத்தேன் கூடாது, தீ கூடாது, ஒருவர் தனியே வேலை செய்யக் கூடாது என்னும் மூன்று நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். இதனால் கூலி சற்றே கூடும். கணக்கைத் தணிக்கை செய்யும் நாம் சிக்கனத்தை எப்போதும் வற்புறுத்துகிறோம். ஆயினும் ஒரு கூலியாளின் மூச்சைக் குறைத்து மிச்சப்படுத்திய ரூபாயை எந்தச் சங்கத்தின் லாபக் கணக்கிலும் வரவு வைக்க இயலாது.