டோவர்: பாறைக்குள் வாழ்ந்த ஊர்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் யார் வந்தாலும் டோவர் போகலாம் என்பார்கள். வெள்ளைப் பாறைமுன் நின்று படம் எடுத்தால் அவர்களுக்குப் போதும். பல வருஷமாக இங்கிலாந்தின் கென்டில் குடியிருக்கும் நான் அத்தோடு விடமாட்டேன். அழகு கிடக்கட்டும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தப் பாறை ஊரைக் காப்பாற்றிய கதையைக் கேளுங்கள் என்று உட்கார வைத்துவிடுவேன்.

பாறை என்று பேர்தானே தவிர, அது சாக்பீஸ் சங்கதி. நகம் பட்டாலே மாவாக உதிரும், குடைவது சுலபம். நெப்போலியன் வந்துவிடுவான் என்ற பயத்தில் டோவர் கோட்டைக்கு அடியில் சுரங்க அறைகளைக் குடைந்தார்கள். பிரான்ஸின் டன்கர்க்கில் ஜெர்மன் படையிடம் சிக்கிய 3,38,000-க்கும் மேற்பட்ட வீரர்களை மீட்கும் பணியை, 1940-இல் பிரிட்டிஷ் கடற்படையின் அட்மிரல் ராம்சே நடத்தியது அங்கிருந்துதான்.

அந்த ஜூனில் பிள்ளைகளை ரயிலேற்றி வேல்ஸுக்கு அனுப்பினார்கள். பிரான்ஸ் கரை ஜெர்மனி வசமானது. இடையில் 34 கிலோமீட்டர் கடல்தான். ஆகஸ்டில் அக்கரைப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின.

விமானம் வருவது முன்னாலேயே தெரியும், சங்கு ஊதலாம். பீரங்கிக் குண்டோ ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தலைமேல் விழும். ஆகவே முதல் குண்டு விழுந்த பிறகுதான் எச்சரிக்கை. இது பீரங்கி என்று ஜனங்களுக்குப் புரிய, சங்கை இரண்டு முறை ஊதினார்கள். கேட்டதும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓட வேண்டும்.

எங்கே ஓடுவது? ஸ்நார்கேட் தெருவை ஒட்டிய பாறையில் பழைய குகைகள் இருந்தன. பாயும் போர்வையுமாக ஜனங்கள் அங்கே இரவைக் கழித்தார்கள். ஊரில் பாதிக்கு மேல் கிளம்பிப் போய்விட, மிஞ்சியவர்கள் பகலில் வெளியே பிழைப்பு, ராத்திரியில் குகை என்று நாளை ஓட்டினார்கள்.

கோட்டை மலையடியில் பழைய செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம் குண்டடிபட்டு இடிந்தபடியே நிற்கிறது. திரும்பக் கட்ட வேண்டாம், போரின் சாட்சியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1944 செப்டம்பரில் கனடாப் படை அக்கரைப் பீரங்கிகளைக் கைப்பற்றிய பிறகே ஊர் மூச்சுவிட்டது. அந்தப் பீரங்கி ஒன்றின் இரும்புக் கவசத் தகடு இன்று டோவர் கடற்கரையில் நிற்கிறது. ஊருக்குள் விழுந்த குண்டுகளின் கணக்கு அதிலேயே இருக்கிறது: 2,226. அடித்தவன் இரும்பிலேயே கணக்கு எழுதி வைத்த இந்த ஊர்க்காரர்களின் குசும்பு எனக்குப் பிடிக்கும்.